கட்டிலுக்கு அடியில் ஈரம்

முதலில் மணந்து பார்க்கவேண்டும். கதவைத் திறந்ததும் ஒன்றும் கதைக்காமல், விற்கிறவரையும் கதைக்க விடாமல், மூச்சை ஒருமுறை உள்ளே இழுத்து நிறுத்தவேண்டும் என்று அந்தத் தாடிக்காரர் சொல்லியிருக்கிறார். கட்டிலும் குசினியும் உள்ளேயே இருக்கிற பழைய கேம்பர் வான்களைப் பற்றி மட்டுமே வீடியோ போடுகிற மனிதர், எங்கோ வடக்கில் ஒரு நாயோடு இருக்கிறார். இந்தக் குளிர்காலம் முழுக்க இரவுச் சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு நான் அவரைத்தான் பார்த்தேன். அம்மா பக்கத்தில் இருந்து வெங்காயம் உரித்தபடி, "உவர் இண்டைக்கும் அதே சேட்டுத்தான் போட்டிருக்கிறார், வீட்டில பாக்கிறதுக்கு ஆக்கள் இல்லைப்போல" என்று அவருக்காகக் கவலைப்படுவார். குழாயில் மிச்சம் நிற்கிற தண்ணீர் உறையும், உறைந்தால் பெருக்கும், பெருத்தால் இடம் கேட்கும், இடம் கொடுக்காததை வெடிக்க வைக்கும், ஆனால் உறைந்திருக்கும்வரை ஒரு சொட்டும் ஒழுகாது, வசந்தத்தில் உருகத் தொடங்கிய பிறகுதான் வெடித்த இடம் வாயைத் திறக்கும். ஆகவே மூக்கு. இழுத்தேன். கற்பூரம், பழைய மெத்தை, கொஞ்சம் மிளகாய்த்தூள், எங்கேயோ ஒரு ஆரஞ்சுத் தோல். பூஞ்சணம் இல்லை. இல்லையா, அல்லது கற்பூரம் அதை மூடிக்கொண்டிருக்கிறதா? மறுபடி இழுத்தேன். "என்ன பிள்ளை, தடிமனோ?" என்று வானின் சொந்தக்காரர் சபாநாதன் அங்கிள் பின்னால் இருந்து கேட்டார். இல்லை என்று தலையை ஆட்டினேன். தலையாட்டுவதில் நான் கெட்டிக்காரி.

கதைப்பதில்தான் இல்லை. ஒரு வசனத்தை வாய்க்கு அனுப்புவதற்கு முன் மனதுக்குள் இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்ப்பேன், அது சரியாக வரும்போது மற்றவர்கள் வேறு கதைக்குப் போயிருப்பார்கள். அதனால்தான் இந்த வேலை எனக்குப் பொருந்தியது. ஒரு பல் டொக்டரிடம் வருகிறவர்களுக்கு எக்ஸ்ரே எடுக்கிறேன், பல் துப்புரவு செய்கிறேன். வாயைத் திறந்து வைத்திருப்பவர்கள் கேள்வி கேட்கமாட்டார்கள், கேட்டாலும் ஆ ஆ என்றுதான் கேட்கும். பல்லில் ஓடுகிற மயிர்க்கோடு மாதிரி வெடிப்பை நான் டொக்டருக்கு முன்னமே கண்டுவிடுவேன். கண்டால் விரலால் காட்டுவேன், சொல்கிறது அவருடைய வேலை. இன்றைக்குக் காட்டுவதற்கு யாரும் இல்லை. கோட்டுப் பைக்குள் வேலையிடத்திலிருந்து கொண்டுவந்த சின்ன வாய்க்கண்ணாடி இருக்கிறது, தேய்ந்துபோனதென்று எறியப்போனார்கள், நான் கேட்டு வாங்கினேன். அதைத் தொட்டுக்கொண்டேன். அங்கிள், தண்ணிப் பம்பை ஒருக்காப் போட்டுக் காட்டுவீங்களோ. அங்கிள், பம்பை ஒருக்கா. போட்டுக் காட்டுங்கோ என்றால் கட்டளை மாதிரி இருக்கும், காட்டுவீங்களோ என்றால் அவரை நம்பாத மாதிரி இருக்கும். போடலாமோ. போடலாமோ என்பதுதான் சரி. அதற்குள் அங்கிள் வானின் நாலு ரயர்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கிவிட்டார். ரயர் எனக்கு வேண்டாம் அங்கிள். ரயரை யாரும் பார்ப்பார்கள். எனக்குத் தண்ணீர்தான் வேண்டும். தண்ணீரும், அந்தச் சின்னக் கதவுக்குப் பின்னால் இருக்கிற ரொய்லற்றும்.

ஜன்னலால் பார்த்தால் அம்மா வெளியே நிற்கிறார். கராஜுக்கு முன்னால் கறுத்துப்போன பனிக்குவியல் ஒன்று இன்னும் உருகாமல் கிடக்கிறது, அதற்குப் பக்கத்தில் ரியூலிப் இலைகள் முளைத்திருக்கின்றன, அம்மா இரண்டுக்கும் நடுவில் கைப்பையைத் தோளில் மாட்டியபடி நிற்கிறார். கைப்பை தோளில் இருக்கும்வரை பயமில்லை. அது கைக்கு வந்தால் கொஞ்சம். வலது காலைத் தூக்கி இடது காலின் மேல் வைத்தால் கெதியாக ஏதாவது செய்யவேண்டும். இதையெல்லாம் அம்மா எனக்குச் சொன்னதில்லை. அம்மாவுக்கு ஒப்பரேஷன் நடந்த வருடத்திலிருந்து நானாகப் பார்த்துப் படித்தது. நாங்கள் இருக்கிற ஸ்காபரோவில் அம்மாவுக்கு ஒரு வரைபடம் இருக்கிறது, அதில் தெருக்கள் இல்லை, ரொய்லற்றுகள்தான் இருக்கின்றன. மீன்கடைக்குப் போகலாம், பக்கத்துக் கோப்பிக் கடையில் இருக்கிறது. சேலைக்கடை கூடாது, அங்கே கேட்டால் மாடிக்கு அனுப்புவார்கள். கோயிலுக்குப் போகலாம், ஆனால் தேருக்குக் கூடாது. கல்யாண மண்டபங்களில் கதவோரக் கதிரை, சாப்பாட்டுக்கு முதல் எழும்பினால் வரிசை இருக்காது. வெளியே போகிற நாளென்றால் முதல்நாள் இரவிலிருந்து தண்ணீரில்லை, தேத்தண்ணியில்லை, மருந்தைக்கூட ஒரு மிடறோடு விழுங்குவார். மொன்றியலில் சின்னம்மா இருக்கிறா, அம்மாவின் ஒரே தங்கச்சி, ரயிலில் ஏறினால் ஒரு பகல். ரயிலில் ரொய்லற் இருக்கு அம்மா என்று நான் சொல்லமுடியாது, ஏனென்றால் பிரச்சினை அதுதான் என்று நாங்கள் ஒருநாளும் கதைத்ததில்லை. ஒருதரம் போய்வந்தார். திரும்பி வந்து, "நெடுக எழும்பி எழும்பி நடக்க எல்லாரும் பாக்கினம்" என்றார், அவ்வளவுதான், அதையும் சட்டிக்குச் சொல்வது மாதிரிச் சட்டியைக் கழுவிக்கொண்டு சொன்னார். அதற்குப் பிறகு சின்னம்மா தொலைபேசித் திரைக்குள் இருக்கிறா, மூக்குத்துவாரம் பெரிதாகத் தெரிய. போன மார்கழியில் தாடிக்காரர் தன் வானைக் கிழக்குக் கரைவரை ஓட்டிப்போய்க் காட்டினார், நாய் அலையைப் பார்த்துக் குரைத்தது. அம்மா வெங்காயம் உரிப்பதை நிறுத்தினார். "உது கடலோ, இல்லாட்டி இஞ்சத்தை மாதிரி ஏரியோ?" என்று கேட்டார். கடல்தான் என்றேன். "உப்புத் தண்ணியோ?" ஓம். "சின்னம்மாவையும் ஏத்திக்கொண்டு போனால் அவளும் பாப்பாள்" என்றார், பிறகு யாரோ ஒட்டுக்கேட்டதுபோல மறுபடி குனிந்து உரித்தார். அன்றிலிருந்து எனக்குப் பயணம் போகிற ஆசை வந்துவிட்டது. எனக்கு. வான் வேண்டும் என்று நான்தான் அடம்பிடித்தேன், சேமித்ததும் நான், இன்று காலை இவ்வளவு தூரம் கூட்டிவந்ததும் நான். அம்மா என் பைத்தியத்துக்குத் துணையாக வந்திருக்கிறார். இதை இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நன்றாக நடித்துக்கொண்டிருக்கிறோம். வந்து இறங்கியதும் புவனேஸ் அன்ரி, அங்கிளின் மனைவி, தட்டத்தில் தேத்தண்ணி கொண்டுவந்தா. "ஐயோ, இப்பதான் குடிச்சிட்டு வந்தனாங்கள்" என்று அம்மா ஒரு சொட்டும் குடிக்காத வாயால் சிரித்துக்கொண்டு சொன்னார். அன்ரி விடவில்லை, "அப்ப பிறகு குடியுங்கோ" என்று வானின் சின்ன மேசையில் வைத்துச் சாசரால் மூடிவிட்டுப் போனா. அது இப்போதும் என் முழங்கைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

ரோச் வெளிச்சத்தை அடித்துக் குசினித் தொட்டிக்கு அடியில் பார்த்தேன். வளைந்த குழாய். விரலால் தட்டினேன். மூடியைத் திருகினால் ரோசா நிறத்தில் ஒரு துளி. இந்த ரோசாத் தண்ணீர் உறையாது, குளிர்காலத்துக்கு முன் குழாய்களில் இதை விட்டுத்தான் மூடவேண்டும், இதைக் கண்டால் சந்தோஷப்படலாம் என்று தாடிக்காரர் சொல்லியிருந்தார். சந்தோஷப்பட்டேன். முகம் கழுவும் தொட்டிக்கு அடியிலும் ரோசா. "ஒக்டோபர் பிறக்க முதலே எல்லாம் இறக்கிப்போடுவன் பிள்ளை" என்றார் அங்கிள், இடுப்பில் கை வைத்துக்கொண்டு. "தண்ணி இறக்கி, காத்தடிச்சு, பிங்க் விட்டு, படங்கு போட்டு மூடினால் பிறகு ஏப்ரலிலதான் கண் திறக்கிறது. ஒருநாளும் ஒரு இடம் ஒழுகினதில்லை. என்ர மூக்கு ஒழுகும், இது ஒழுகாது. இண்டைக்குக் காலமைதான் நீங்கள் செக் பண்ண வேணுமெண்டு தண்ணி ராங்கை நிரப்பி வைச்சனான்." அவருக்குக் கண் மங்கிக்கொண்டு வருகிறதாம், பொழுதுபட்டால் ஓடமுடியாதாம், அதனால் விற்கிறார். சொல்லும்போது வானின் சுவரை ஒரு மாட்டைத் தட்டுவதுபோலத் தட்டினார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது, அது ஒரு பிரச்சினை. விற்கிறவரைப் பிடித்துப்போனால் வெடிப்பு தெரியாது. சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கால்விரல்களால் தரையை அழுத்தி அழுத்தி நடந்தேன், மெத்தென்று இருந்தால் கீழே பலகை உக்கியிருக்கிறது. இங்கே உறுதி. இங்கேயும். ஸ்ரியரிங்குக்கு மேலே சந்தனப் பொட்டு, புதிதாக வைத்தது, நடுவில் குங்குமம். ஜன்னல் திரை அன்ரியின் பழைய சேலை, மாம்பழக் கரை. அலுமாரிக்குள் கறிவேப்பிலைக் காம்பு ஒன்று காய்ந்து கிடந்தது. யாரோ இதற்குள் சிரித்திருக்கிறார்கள், சண்டை பிடித்திருக்கிறார்கள், மழை பெய்யும்போது சோறு சமைத்திருக்கிறார்கள். அந்தச் சின்னக் கதவைத் திறந்தேன். வெள்ளை ரொய்லற், துடைத்து வைத்த பீங்கான் கோப்பை மாதிரி, காலால் அழுத்தினால் அடி திறக்கிற மிதி ஒன்று, மேலே கைபிடி. அம்மாவின் உயரத்துக்குச் சரி. கதவு உள்ளுக்குப் பூட்டுமா? பூட்டும். பூட்டிப் பார்த்துத் திறந்தேன். இதற்குள் இருந்தால் யாரும் பார்க்கமாட்டார்கள். எழும்பி எழும்பி நடக்கத் தேவையில்லை. ஓடுகிற வீட்டுக்குள் ஒரு கதவு. கைபிடியை இழுத்து இழுத்துப் பார்த்தேன், அங்கிள் அதை உடைத்துவிடப்போகிறேன் என்று பயந்திருப்பார்.

"அங்கிள், பம்ப் போடலாமோ." வந்துவிட்டது. முழுசாக. அங்கிள் சுவிட்சைத் தட்டினார். எங்கோ பின்னால், கட்டிலுக்குக் கீழே, ஒரு உறுமல். குசினிக் குழாயைத் திறந்தேன். அது இருமியது, ரோசாவாய்க் கொஞ்சம் துப்பியது, காற்று விட்டது, மறுபடி துப்பியது, பிறகு வெறும் காற்று. "வரும், வரும், காத்து நிக்குது" என்றார் அங்கிள். காத்திருந்தோம். பம்ப் உறுமிக்கொண்டே இருந்தது. எல்லாக் குழாயையும் பூட்டினால் பம்ப் வாயை மூடவேண்டும், மூடாவிட்டால் எங்கோ போகிறது, எங்கே போகிறதென்று தேடுங்கள். தாடிக்காரரின் நாய் அந்த இடத்தில் கொட்டாவி விட்டது நினைவு வந்தது, நாய்க்கு என்ன. குழாயைப் பூட்டினேன். உறுமல் நிற்கவில்லை. பற்களுக்குப் பக்கத்தில் துளைக்கிற கருவி மாதிரி, ஆனால் நோகிறது யாருக்கு என்று தெரியாத சத்தம். அங்கிளின் முகம் ஜன்னலைப் பார்த்தது, பிறகு சுவிட்சை, பிறகு என்னை. "பற்றரி கொஞ்சம் இறங்கியிருக்கும், நான் உதைப் பார்த்திட்டு வாறன்" என்று கராஜ் பக்கம் போனார். கதவருகில் அன்ரி நின்றா, எப்போது வந்தா என்று தெரியாது. நான் மெத்தையைத் தூக்கினேன். பலகை மூடியைத் தூக்கினேன். பலகையின் அடிப்பக்கம் கறுப்பாக, பரந்து, ஒரு நாட்டின் படம் மாதிரி நனைந்திருந்தது. கையை வைத்தேன். குளிர். ஈரம். இன்றைய ஈரம், உக்கின ஈரமில்லை, அது ஒரு ஆறுதல், ஆனால் ஈரம் ஈரம்தான். மூலையில் பம்ப் நடுங்கிக்கொண்டிருந்தது. முன்பக்கத்தில் ஒன்றும் இல்லை. வாய்க்கண்ணாடியை எடுத்து அதன் பின்னால் வைத்து ரோச்சைச் சரித்தேன். அங்கே இருந்தது. ராங்கிலிருந்து வருகிற தண்ணீர் பம்புக்குள் நுழைகிற பிளாஸ்ரிக் கழுத்தில், முழுவதும் சுற்றி, கடைவாய்ப் பல்லில் ஓடுகிற மாதிரி ஒரு மெல்லிய கோடு. கோடு முழுக்கச் சின்னச் சின்ன முத்துக்கள் பிறந்து பிறந்து விழுந்தன. வடிவாக இருந்தது. அதைச் சொல்ல வெட்கம், ஆனால் வடிவாக இருந்தது.

சொல்லவேண்டும். பம்பை நிறுத்தினேன். சத்தம் போனதும் வெளியே ஒரு பறவை கத்துவது கேட்டது, இவ்வளவு நேரமும் கத்தியிருக்கும். அங்கிள், இதில வெடிப்பு இருக்கு. அங்கிள், உறைஞ்சு வெடிச்சிருக்கு. என்ர மூக்கு ஒழுகும், இது ஒழுகாது என்றவருக்கு எப்படிச் சொல்வது. அதுகூடப் பரவாயில்லை, அங்கிளுக்குச் சொல்லிவிடலாம். பயம் அதுவல்ல. அம்மாவுக்குச் சொல்லவேண்டும். சொன்னால் அம்மா முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். வாடாது. வாடினால்கூடச் சமாளிக்கலாம். ஒரு நிம்மதி வரும். தோளிலிருந்து கைப்பை ஒருவிரல் இறங்கும், "அப்ப விடு பிள்ளை, சகுனமும் சரியில்லை, உனக்கேன் உந்தக் கரைச்சல்" என்பார், எனக்காக விட்டுக்கொடுப்பதுபோல. பிறகு வீட்டுக்குப் போவோம், அம்மா முதலில் கதவைத் திறந்துகொண்டு ஓடிப்போய்விட்டு வந்து, இரண்டு கோப்பை தேத்தண்ணி குடிப்பார், பிறகு வேறு வான் பார்க்கக் கூப்பிட்டால் முழங்கால் நோகும், வேறு வான் பார்க்கக் கூப்பிட்டால் வெள்ளிக்கிழமை விரதம். அந்த நிம்மதியை நினைத்துத்தான் எனக்குப் பயம். அது நன்றாக உறைந்துபோன ஒன்று. அதற்குள் அம்மா சுகமாக இருக்கிறார், மீன்கடையும் கோயிலும் கதவோரக் கதிரையுமாக. நான் பார்க்காத மாதிரி இந்தப் பலகையை மூடிவிடலாம். மூடிவிட்டு வாங்கலாம். பம்ப் ஒன்றை மாற்றுவது பெரிய வேலையல்ல. ஆனால் இந்தக் கழுத்துக்குள் தண்ணீர் எப்படி நின்றது? எல்லாம் இறக்கிப்போட்டேன் என்கிறவர் இதை விட்டிருந்தால் வேறு எதையெல்லாம் விட்டிருப்பார்? சுடுதண்ணிப் பெட்டி? ரொய்லற்றுக்குப் பின்னால் போகிற குழாய்? சுவருக்குள், நான் கண்ணாடி வைக்கமுடியாத இடங்களில் எத்தனை கோடுகள்? ரோசா இருந்ததே. ரோசா எல்லா இடமும் இருந்ததே. இருந்தால் இங்கே மட்டும் ஏன்? பலகையைப் பிடித்த கை உளைந்தது. மூடவுமில்லை, விடவுமில்லை.

"அது நான்தான், பிள்ளை." புவனேஸ் அன்ரி படியேறி உள்ளே வந்து, கட்டிலின் கரையில் இருந்தா, ஈரத்தைப் பார்த்தபடி. "அவர் சரியாத்தான் இறக்கினவர். நான்தான் தைப்பொங்கலண்டு..." நிறுத்திக் கராஜ் பக்கம் பார்த்தா. குரல் இறங்கியது. "இந்த வருசத்தோட வானை விக்கிறதெண்டு முடிவாப்போச்சு. கடைசிப் பொங்கல்தானே எண்டு இந்த மேசையில ஒரு நிறைகுடம் வைச்சன். வெளியில சரியான ஸ்நோ. கும்பிட்டு முடிய அந்தத் தண்ணியை எங்க ஊத்துறது, சொல்லு? நிறைகுடத்துத் தண்ணியைக் கால் மிதிக்கிற இடத்தில ஊத்தலாமோ? அவர் அங்கால ஸ்நோ அள்ளிக்கொண்டு நிண்டவர். படங்கைத் தூக்கிப்போட்டு ராங்குக்குள்ள ஊத்தினன். வான்ர தண்ணி வானுக்கே போகட்டும் எண்டு." கையை விரித்துக் காட்டினா, இவ்வளவுதான், ஒரு குடம். எனக்குச் சிரிப்பு வந்தது, வரக்கூடாத நேரத்தில் வருகிற சிரிப்பு, உதட்டைக் கடித்தேன். அம்மாவும் அதைத்தான் செய்திருப்பார். எங்கள் வீட்டில் நிறைகுடத்துத் தண்ணீர் பல்கனிக் கறிவேப்பிலைக்குப் போகும், கறிவேப்பிலை இல்லாவிட்டால் அம்மாவும் ஒரு ராங்கைத் தேடியிருப்பார். தாடிக்காரர் எத்தனையோ காரணம் சொல்லியிருக்கிறார், இதைச் சொல்லவில்லை. பிறகு மெதுவாக வேறொன்று விளங்கியது, உடம்பெல்லாம் சூடு பரவுவதுபோல. ஒரு குடம் ராங்கின் அடியில் கிடந்து, பம்பின் கழுத்துவரைதான் வந்திருக்கும். பம்புக்கு அப்பால் எல்லாம் அங்கிளின் ரோசா. சுவருக்குள் கோடுகள் இல்லை. வெடித்தது இது ஒன்றுதான். "அவருக்குச் சொல்லப்போறியோ?" என்று அன்ரி கேட்டா. தன் வயதில் பாதிகூட இல்லாத என்னைப் பார்த்து, பிடிபட்ட பிள்ளை மாதிரி. அன்ரியின் கையைத் தொட்டேன், அதுவும் ஈரமாக இருந்தது.

ஜன்னலால் பார்த்தேன், அம்மா அங்கே இல்லை. ரியூலிப் இலைகள் மட்டும். நான் மறந்துபோனேன், இவ்வளவு நேரமும் ஈரத்தையும் கோட்டையும் பார்த்துக்கொண்டு, கைப்பை எந்தக் கையில் என்று பார்க்க மறந்துபோனேன். வழமையாக நான்தான் கேட்பேன், அன்ரி எனக்கு ஒருக்கா பாத்ரூம் போகவேணும் என்று, பிறகு அம்மா, நீங்களும் வாறீங்களோ என்று சும்மா கேட்பதுபோலக் கேட்பேன், அம்மாவும் சும்மா வருவதுபோல வருவார். அந்த வசனத்தைத் தயார் செய்துகொண்டு எழும்பும்போது அம்மா வானின் படியில் நின்றார். கைப்பை கையில். கால் காலின் மேல். அங்கிளும் ஒரு திருப்புளியோடு பின்னால் வந்தார். "பற்றரி நல்லாத்தான் இருக்கு, பிறகேன் தண்ணி வரேல்லை?" எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஒத்திகை பார்க்க நேரமில்லை. "பம்ப் வெடிச்சிட்டுது அங்கிள். உறைஞ்சு வெடிச்சிருக்கு. மற்றதெல்லாம் நல்லா இருக்கு." அங்கிள் வாயைத் திறந்தார், எக்ஸ்ரேக்கு வந்தவர் மாதிரி அப்படியே வைத்திருந்தார். "நான் எல்லாம் இறக்கினனே..." "நான்தான் விட்டனான்" என்றா அன்ரி, கட்டிலில் இருந்தபடியே, நிமிர்ந்து. "நிறைகுடத்துத் தண்ணி." அங்கிள் அன்ரியைப் பார்த்தார். "இவ்வளவு காலம் ஒண்டா இருக்கிறம்" என்றார் கடைசியில் என்னைப் பார்த்து, "எனக்கு ஒரு செம்பு தண்ணி வேணுமெண்டால் நானே எழும்பி எடுக்கவேணும். வானுக்குக் குடத்தோட குடுத்திருக்கிறா." "உங்களுக்குக் குடுத்தால் நீங்கள் என்ன ஓடப்போறியளோ?" என்றா அன்ரி. நான் அம்மாவைத்தான் பார்த்தேன். வந்துவிட்டது, இப்போது வரும், அந்த நிம்மதி. அப்ப விடு பிள்ளை. அம்மாவின் உதடு அசைந்தது. "இதுக்குள்ள ஒருக்காப் போகலாமோ?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. அம்மா அந்தச் சின்னக் கதவைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். "தண்ணி வராது அம்மா" என்றேன், "பம்ப் இல்லாமல்..." "அதுக்கென்ன, வாளி இல்லையோ?" என்றார் அம்மா. யாரிடமும் எதையும் கேளாத அம்மா, கல்யாண வீட்டில் உப்புக் கேட்கக்கூட என் கையைக் கிள்ளுகிற அம்மா, அங்கிள் பக்கம் திரும்பி, கண்ணைப் பார்த்து, "அண்ணை, ஒரு வாளி தண்ணி தாங்கோவன்" என்றார். அங்கிள் ஓடினார், உண்மையாகவே ஓடினார். கராஜ் வாசலில் முதலில் கைக்கு வந்தது வெயிலில் காயவைத்திருந்த அந்தப் பித்தளைக் குடம். "உங்களுக்கு அறிவிருக்கோ, அதையோ அதுக்குக் கொண்டுவாறது?" என்று அன்ரி கத்த, அதை வைத்துவிட்டுக் கார் கழுவுகிற நீல வாளியை நிரப்பிக்கொண்டு, பாதியைச் சப்பாத்தில் ஊற்றிக்கொண்டு வந்தார். அம்மா வாளியை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். கதவு பூட்டுகிற சின்னச் சத்தம். நாங்கள் மூன்று பேரும் இறங்கி வெளியே நின்றோம். வான் கொஞ்சம் அசைந்தது. அங்கிள் பனிக்குவியலைப் பார்த்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற குரலில், "ரயர் நாலும் போன வருசம் மாத்தினது பிள்ளை, சரியான நல்ல ரயர், அப்பிடி ரயர் இப்ப எடுக்கேலாது" என்று தொடங்கினார், நிறுத்தவே இல்லை. நான் முதல்முறையாக ரயர்களைப் பற்றி ஆசையோடு கேட்டேன். எந்த நாட்டு ரயர் அங்கிள். மழைக்கு வழுக்குமோ அங்கிள். எங்கள் ரயர்க் கதைக்குப் பின்னால், மெல்லிய தகரத்துக்கு அப்பால், ஒரு வாளித் தண்ணீர் ஒரேயடியாக ஊற்றப்பட்டு, மிதி அமுங்கி, அடி திறந்து, எல்லாம் போகவேண்டிய இடத்துக்குப் போகிற சத்தம் கேட்டது. எங்கும் ஒழுகவில்லை. குனிந்து வானின் அடியைப் பார்த்தேன், தாடிக்காரர் சொன்னபடி. ஒரு சொட்டு இல்லை.

கதவு திறந்தது, ஆனால் அம்மா இறங்கி வரவில்லை. நான் ஏறிப்போய்ப் பார்த்தேன். சின்ன மேசைக்குப் பின்னால், மாம்பழக் கரைத் திரைக்குப் பக்கத்தில், கைப்பையைத் தூரத்தில் வைத்துவிட்டு இருந்தார். கன்னத்தில் தண்ணீர் தெறித்திருந்தது. என்னைப் பார்க்காமல், படியில் நின்ற அங்கிளிடம், "உது கடல்வரைக்கும் ஓடுமோ அண்ணை?" என்று கேட்டார். "ஓடும் தங்கச்சி. நாங்கள் போய் வந்தனாங்கள்." "உப்புத் தண்ணியோ?" "நக்கிப் பாக்கேல்லை" என்றார் அங்கிள், "மனிசி குடத்தில பிடிச்சிருந்தால் சொல்லியிருப்பாள்." அம்மா சிரித்தார், பல்லெல்லாம் தெரிய, எனக்குத் தெரிந்த பற்கள், இடது பக்கத்தில் நான் துப்புரவு செய்த கடைவாய். "பம்பை மாத்து" என்றார் பிறகு என்னிடம், அது என் வேலை, வான் என்னுடையது, ஆசை என்னுடையது என்று இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிற குரலில். "மாத்தும்வரைக்கும் வாளியோட போவம். போகேக்க மொன்றியலுக்கால போனால் அவளும் ஒரு வாளி கொண்டுவருவாள்." நான் தலையாட்டினேன். அம்மா மேசையில் இருந்த கோப்பையின் சாசரைத் தூக்கினார். பால் மேலே ஆடை கட்டியிருந்தது. "ஐயோ, ஆறிப்போச்சு, வையுங்கோ, நான் சுடச்சுட வேற போட்டுத் தாறன்" என்று எனக்குப் பின்னால் ஏறிவந்த அன்ரி கையை நீட்டினா. அம்மா கோப்பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இதையும் குடிக்கிறன்" என்றார், "அதையும் தாங்கோ."